கட்டுவிச்சி: கொங்கு நாட்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் பக்கத்தில் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். குறுந்தொகையின் 23-ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கை உயரும். "ஐயா, கட்டுவிச்சி என்றால் எங்கள் ஊரில் வாக்குச் சொல்கிற ஆத்தா மாதிரியா?" என்று கேட்பார்கள். பிறகு பெரியவர்களும் கேட்டார்கள், கோயில் திண்ணையிலும் கல்யாண வீட்டிலும். அவர்களுக்கு நான் சொன்னவற்றை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

கட்டுவிச்சி என்பவள் யார்?

குறி சொல்லும் பெண். வீட்டில் ஒரு பெண் காரணம் தெரியாமல் மெலிந்து, உண்ணாமல், உறங்காமல் கிடந்தால், தாயும் செவிலியும் அவளை அழைத்து "இது எதனால் வந்தது?" என்று கேட்பார்கள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்த்துச் சொல்வாள். பெரும்பாலும் வயது முதிர்ந்தவள். பழைய பாட்டுகள் அவளைச் 'செம்முது பெண்டு' என்றும் 'முதுவாய்ப் பெண்டிர்' என்றும் சொல்கின்றன. இரண்டு பெயரிலும் 'முது' இருப்பதைக் கவனியுங்கள். அந்த நாளில் ஊரார் நம்பியது முதலில் அவள் வயதை, அடுத்து அவள் வாயை.

சொல்லை எப்படிப் பிரிக்க வேண்டும்?

கட்டு + வித்தி. வித்தி என்பதே விச்சி ஆயிற்று என்பது என் முடிவு. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையாரின் 400 பாட்டுகளில் ஒன்றுக்குத் துறைப் பெயர், அதாவது பாட்டின் சூழலைச் சொல்லும் பெயர், 'கட்டுவித்தி கூறல்'. அதற்கு முந்திய துறை 'கட்டுவைப்பித்தல்', அடுத்தது 'வேலனை அழைத்தல்'. அதே பெண்ணைத்தான் திருமங்கையாழ்வாரும் நம்மாழ்வாரும் 'கட்டுவிச்சி' என்கிறார்கள். ஆக இரண்டு வடிவமும் ஒரே சொல்தான்.

'த்த' எப்படிச் 'ச்ச' ஆகும் என்று கேட்பவர்கள் தங்கள் பேச்சையே கேட்டுப் பார்க்கலாம். எழுத்தில் 'படித்தான்', 'சிரித்தாள்', 'வைத்தேன்' என்கிறோம். வாயில் வரும்போது அந்த இடத்தில் 'ச்ச'தான் ஒலிக்கிறது. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் 'த்த' இப்படி மாறுவது தமிழில் நெடுநாளைய வழக்கம். வித்தை என்பதற்கு விச்சை என்ற வடிவமும் இருக்கிறது.

'வித்தி' என்பதை எப்படிப் பொருள் கொள்வது என்பதில் இரண்டு வழி உண்டு. வித்தை உடையவள், அதாவது கட்டு என்னும் வித்தையை அறிந்தவள் என்பது ஒன்று. கட்டுவித்தல், அதாவது கட்டு வைத்துப் பார்க்கும் தொழிலிலிருந்து பிறந்த பெண்பாற் பெயர் என்பது மற்றொன்று. முதல் வழி எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே அதை முடிந்த முடிபாகச் சொல்ல மாட்டேன். எந்த வழியில் போனாலும் அவள் ஒரு தொழில் தெரிந்தவள் என்ற இடத்திற்குத்தான் வந்து சேர்கிறோம்.

'கட்டு' என்பது என்ன? கயிற்றால் கட்டுவதா?

இல்லை. இங்கே கட்டு என்பது நெல்லைக் கொண்டு பார்க்கும் குறி. உரைகாரர்கள் அதன் முறையையும் சொல்லியிருக்கிறார்கள். முறத்தில் நெல்லை இட்டு, அதை நான்கு நான்காக எண்ணிக் கழிக்க வேண்டும். கடைசியில் ஒன்றோ இரண்டோ மூன்றோ மிஞ்சினால் அது முருகன் அணங்கியது, அதாவது வருத்தியது. நான்கு நின்றால் வேறு நோய். எவ்வளவு எளிய கணக்கு பாருங்கள். நான்கில் மூன்று வழி முருகனிடம் போகிறது. மலையும் மலை சார்ந்த இடமும் முருகனுடையது என்று வாழ்ந்த மக்களின் கணக்கு அது.

நற்றிணையின் 288-ஆம் பாட்டில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. குளம்பனார் பாடியது. மகளின் நெற்றியில் படர்ந்த பசலையைக் கண்ட அன்னை 'செம்முது பெண்டொடு நெல்முன் நிறீஇக் கட்டிற் கேட்கும் ஆயின்' என்ன ஆகும் என்று தோழி கவலைப்படுகிறாள். நெல்லை முன்னால் வைத்துக் கட்டில் கேட்பது என்றால் படுக்கும் கட்டிலில் அல்ல, கட்டு என்னும் குறியில். முதன்முறை படிக்கும் மாணவர்கள் அநேகமாக எல்லோரும் இங்கே தடுக்கி விழுவார்கள்.

கொங்குப் பகுதியில் நாம் முறம் என்பதைத் தென்பாண்டிச் சீமையில் சுளகு என்பார்கள். ஆழ்வார் பாட்டிலும் சுளகுதான் வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் 'கழங்கு' என்பது?

அது இன்னொரு குறி. கழற்சிக்காயை உருட்டிப் பார்ப்பது. நம் பக்கத்தில் கழச்சிக்காய் என்று சிறுமிகள் ஆடிய அதே சாம்பல் நிற உருண்டைக் காய்தான். தொல்காப்பியர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: 'கட்டினும் கழங்கினும் வெறியென இருவரும் ஒட்டிய திறத்தாற் செய்திக் கண்ணும்'. கட்டு, கழங்கு என்னும் இரண்டு குறியும் பார்த்து, பிறகு வெறியாட்டுக்கு, அதாவது முருகனை வேண்டி ஆடும் சடங்குக்கு, ஏற்பாடு செய்வார்கள். சங்கப் பாட்டில் கழங்கு பெரும்பாலும் அந்தச் சடங்கைச் செய்யும் பூசாரியான வேலன் கையில் இருக்கிறது. நெல் பெண் கையில் இருக்கிறது. வயலில் விளைந்ததையும் வீட்டில் அளந்ததையும் கொண்டு பெண் குறி பார்த்தாள் என்பது எனக்கு இயல்பாகவே படுகிறது.

வேலனும் கட்டுவிச்சியும் ஒரே வேலையைத்தானே செய்தார்கள்?

இல்லை. கட்டுவிச்சி காரணத்தைச் சொல்வாள். வேலன் பரிகாரத்தைச் செய்வான். அவள் "முருகன்" என்று சொன்ன பிறகே வேலனுக்கு ஆள் போகும். அவன் வந்து களம் இழைத்து, ஆடு அறுத்து, வேலேந்தி ஆடுவான். திருக்கோவையாரின் துறை வரிசையும் இதே முறையில்தான் போகிறது.

சங்கப் பாட்டுகளில் 'கட்டுவிச்சி' என்ற சொல் நேராக வருகிறதா?

நல்ல கேள்வி. பாட்டுக்குள்ளே 'கட்டு' வருகிறது, 'செம்முது பெண்டு' வருகிறது, 'முதுவாய்ப் பெண்டிர்' வருகிறார்கள். 'கட்டுவிச்சி' என்ற வடிவத்தை நாம் காண்பது பாட்டின் கீழே எழுதப்பட்ட துறைக் குறிப்பில். எடுத்துக்காட்டு, குறுந்தொகை 26. கொல்லன் அழிசி பாடியது. நற்றாயும் செவிலியும் மகளின் வேறுபாடு கண்டு கட்டுவிச்சியை வினவினார்கள் என்றும், அவள் 'காரணம் ஒரு தெய்வம்' என்று சொல்லக் கேட்டுத் தோழி உண்மையை, அதாவது மகளின் வாட்டத்துக்குக் காரணம் அவள் காதலனே என்பதை, உடைத்தாள் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. குறிப்புகள் பாட்டுக்குப் பிந்தியவை. பாட்டின் உடலில் இந்தச் சொல்லைக் கண்ணாரக் காண விரும்புகிறவர் ஆழ்வார்களிடம் போக வேண்டும்.

அந்த 26-ஆம் பாட்டு தனி அழகு. "தெய்வமும் இல்லை, ஒன்றும் இல்லை, அந்தக் கொடியவனை மரத்தில் இருந்த குரங்கே கண்டிருக்கிறது" என்கிறாள் தோழி. தேமாங்கனி தின்று சிவந்த வாயுடைய குட்டிகளின் தகப்பன் குரங்கு அது. அது கண்ணால் கண்டதைப் பொய் என்று யார் சொல்ல முடியும்? நெல்லின் சாட்சிக்கு எதிராகக் குரங்கின் சாட்சியை நிறுத்துகிறாள்.

'அகவன் மகள்' என்பவளும் கட்டுவிச்சிதானா?

குறுந்தொகை 23-இல் வருபவள் ஆம். ஔவையார் பாட்டு. ஐந்து அடிதான், முழுவதும் தருகிறேன்:

அகவன் மகளே அகவன் மகளே
மனவுக் கோப்பு அன்ன நன்னெடுங் கூந்தல்
அகவன் மகளே பாடுக பாட்டே
இன்னும் பாடுக பாட்டே அவர்
நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே

  

அகவுதல் என்றால் கூவி அழைத்தல். மயில் அகவுகிறது என்கிறோமே, அதே சொல். தெய்வங்களையும் மலைகளையும் பேர் சொல்லிக் கூவி அழைத்துப் பாடுவதால் அவள் அகவன் மகள். ஆசிரியப்பாவின் ஓசைக்கு அகவல் என்று பெயர் இருப்பதையும் இதனோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். அழைத்துப் பாடும் ஒரு பாட்டு முறை, சங்கப் புலவர்கள் மிகுதியும் கையாண்ட பாவின் ஓசைக்கே பெயராக நிற்கிறது.

'மனவுக் கோப்பு அன்ன கூந்தல்' என்பது சங்குமணியைக் கோத்தது போன்ற கூந்தல். அதாவது வெளுத்த நரை. கிழவி என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஔவையார் அந்த நரையைச் சங்குமணியாகப் பார்த்தார். இந்தத் தொழிலைச் செய்த பெண்ணுக்குத் தமிழில் கிடைத்த மிக உயர்ந்த மரியாதை இந்த ஓரடி என்று நான் நினைக்கிறேன்.

இனி நிகழ்ச்சி. வீட்டில் முறமும் நெல்லும் வைத்தாயிற்று. கிழவி ஒவ்வொரு மலையாகப் பாடிக்கொண்டு வருகிறாள். அவற்றுள் ஒன்று தலைவன் ஊர் மலை. அந்தப் பெயர் வந்ததும் தோழி குறுக்கிட்டு, "அம்மா, அவருடைய குன்றத்தைப் பாடினாயே, அந்தப் பாட்டை இன்னும் ஒரு முறை பாடு" என்கிறாள். இதைத் தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தோழி பெயர் சொல்லவில்லை, குற்றம் சொல்லவில்லை, குறியைத் தடுக்கவும் இல்லை. கட்டுவிச்சியின் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அதன் வழியாக உண்மையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறாள். இலக்கணம் இதை அறத்தொடு நிற்றல் என்கிறது.

பரணர் பாடிய குறுந்தொகை 298-லும் 'வெண்கடைச் சிறுகோல் அகவன் மகளிர்' வருகிறார்கள். நுனி வெளுத்த சிறு கோலைக் கையில் பிடித்துப் பாடி, பரிசாகப் பெண் யானையைப் பெறுகிறவர்கள். அங்கே அவர்கள் குறி சொல்வதாக இல்லை. புகழ் பாடிப் பரிசில் பெறுகிறார்கள். ஆகவே அகவன் மகளிர் எல்லோரும் கட்டுவிச்சியர் என்று சொல்லிவிடக் கூடாது. பாடுகிற பெண்களில் சிலர் குறியும் பார்த்தார்கள் என்பதே சரி.

அவள் சொன்னதை அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்களா?

தாய் நம்பினாள். தோழி நம்பவில்லை. புலவர்கள் தோழியின் பக்கம் நின்றார்கள். வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவர் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார். அகநானூறு 22-இல் 'முதுவாய்ப் பெண்டிர் அதுவாய் கூற' என்று மரியாதையாகத்தான் சொல்கிறார். 98-ஆம் பாட்டில் அதே பெண்களைப் 'பொய்வல் பெண்டிர்' என்கிறார், பொய் சொல்வதில் வல்லவர்கள் என்று. ஒரே புலவர், ஒரே தொழில், இரண்டு பெயர்.

ஐங்குறுநூற்றில் கபிலர் வெறிப்பத்து என்று பத்துப் பாட்டு பாடியிருக்கிறார். அதன் கடைசிப் பாட்டில் தோழி கழங்கிடமே பேசுகிறாள். 'பொய்படுபு அறியாக் கழங்கே' என்று அதைப் புகழ்ந்துவிட்டு, இவளை வருத்தியவன் முருகன் அல்லன் என்கிறாள். குறி பொய்க்காது, அதைப் படித்தவர்கள் தவறாகப் படித்தார்கள் என்பது போல நயமாகச் சொல்கிறாள். தாயின் நம்பிக்கையை உடைக்காமலே உண்மையைச் சொல்லும் வழி இது. இந்த நாகரிகத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என் வகுப்பில் வற்புறுத்திச் சொல்லியிருக்கிறேன்.

ஆழ்வார்கள் கட்டுவிச்சியைப் பற்றி என்ன பாடினார்கள்?

மூன்று இடங்களைச் சொல்கிறேன். சிறிய திருமடலில் திருமங்கையாழ்வார் அவளை நம் கண்முன் ஆட வைக்கிறார்: 'காரார் குழற்கொண்டைக் கட்டுவிச்சி கட்டேறி, சீரார் சுளகிற் சிலநெல் பிடித்தெறியா, வேரா விதிர்விதிரா மெய்சிலிராக் கைம்மோவா'. சுளகிலிருந்து சில நெல்லைப் பிடித்து எறிகிறாள், வியர்க்கிறாள், நடுங்குகிறாள், மயிர் சிலிர்க்கிறது, கையை மோந்து பார்க்கிறாள். பிறகு 'பேராயிரம் உடையான்' என்கிறாள். சங்கப் பாட்டில் நமக்குக் கிடைக்காத உடலசைவு முழுவதும் இங்கே கிடைக்கிறது. கருங்கூந்தலைக் கொண்டையிட்ட இவள் நரைமூதாட்டியும் அல்லள். மாரியம்மன் நோன்பில் ஒரு பெண்ணுக்கு அருள் வரும் கணத்தை அருகிலிருந்து பார்த்த எவருக்கும் இந்த வரிகள் புதியவையாக இரா.

அவரே திருநெடுந்தாண்டகத்தில், 'கட்டுவிச்சி! சொல்' என்று தாய் கேட்க, 'கடல்வண்ணர் இதுசெய்தார் காப்பார் ஆரே' என்று அவள் சொன்னதாகப் பாடுகிறார். சங்கக் கட்டுவிச்சி முருகன் என்று தவறாகச் சொன்னாள். ஆழ்வாரின் கட்டுவிச்சி திருமாலைச் சரியாகச் சொல்லிவிடுகிறாள். பழைய அகத்துறை பக்திக்குள் நுழைந்தபோது நடந்த பெரிய மாற்றம் இது.

நம்மாழ்வார் மட்டும் பழைய தோழியின் குரலிலேயே நிற்கிறார். 'இதுகாண்மின் அன்னைமீர் இக்கட்டுவிச்சி சொற்கொண்டு' கள்ளும் இறைச்சியும் தூவாதீர்கள், மாயப்பிரான் கழலை வாழ்த்துங்கள், அதுவே அருமருந்து என்கிறார்.

கொங்கு நாட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன தொடர்பு?

இந்தச் சொல்லுக்கு அல்ல, இதன் உடன்பிறந்த சொல் ஒன்றுக்கு நேரான தொடர்பு உண்டு. அதுதான் சாலினி.

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்குப் போகும் வழியில் கொற்றவை கோட்டம் ஒன்றில் இளைப்பாறுகிறார்கள். எயினர் என்னும் வேட்டுவர் கூடி வழிபடுகிறார்கள். மறக்குடியில் பிறந்த 'முழங்குவாய்ச் சாலினி' தெய்வம் ஏறி ஆடுகிறாள். ஆடிக்கொண்டே வந்தவள் ஒதுங்கி நிற்கும் கண்ணகியைப் பார்த்துச் சொல்கிறாள்:

இவளோ கொங்கச் செல்வி குடமலை யாட்டி
தென்றமிழ்ப் பாவை செய்தவக் கொழுந்து

கண்ணகி அதுவரை கொங்கு நாட்டை மிதித்தவள் அல்லள். புகாரில் பிறந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருப்பவள். அவளைப் பார்த்து முதல் பெயராகக் 'கொங்கச் செல்வி' என்று சொல்கிறாள் ஒரு சாலினி. கண்ணகிக்கு அது புரியவில்லை. மூதறிவாட்டி ஏதோ மயக்கத்தில் பேசுகிறாள் என்று கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் புன்முறுவல் செய்கிறாள். அந்தப் பேதைச் சிரிப்பைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடைக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று சாலினிக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை.

சொன்னது பலித்ததா? அதே நூலின் உரைபெறு கட்டுரையில் விடை இருக்கிறது. கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் நங்கை கண்ணகிக்கு விழாவும் சாந்தியும் செய்ய, மழை தன் தொழிலில் மாறாமல் பெய்தது என்கிறது. கொங்கு நாட்டின் தெய்வமாகக் கண்ணகியை முதலில் அடையாளம் கண்டவள், பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு வேட்டுவப் பெண். நம் ஊர்ப் பிள்ளைகள் இதை அறியாமல் வளரக் கூடாது.

இன்னொரு செய்தியும் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரைக் கொங்கு நாட்டு நிரம்பை ஊரினர் என்று கொங்கு மண்டல சதகம் போற்றுகிறது. அவருடைய உரை முழு நூலுக்கும் கிடைக்கவில்லை என்றாலும் வேட்டுவ வரிக்குக் கிடைத்திருக்கிறது.

சாலினி, தேவராட்டி, கட்டுவிச்சி ஆகிய மூவருக்கும் வேறுபாடு என்ன?

சாலினியும் தேவராட்டியும் ஒருவரே. சாலினி என்பதற்குத் தேவராட்டி என்றே உரையில் பொருள் எழுதியிருக்கிறார்கள். தெய்வம் அவள் மேல் வருகிறது. அவள் வாயால் தெய்வம் பேசுகிறது. கட்டுவிச்சியிடம் முதலில் இருப்பது நெல். எண்ணிப் படித்துச் சொல்கிறாள். ஆனால் திருமங்கையாழ்வாரின் கட்டுவிச்சி நெல்லும் எறிகிறாள், சிலிர்த்து நடுங்கவும் செய்கிறாள். ஆகவே பிற்காலத்தில் இரண்டும் கலந்துவிட்டன. பெரியபுராணத்தில் கண்ணப்பர் தந்தை நாகன், மகனை வேட்டைக்கு அனுப்பும் முன் முதிய தேவராட்டியை அழைத்து வாழ்த்துப் பெறுகிறான். அவள் பிள்ளையைப் பார்த்து, உன்னளவில் நில்லாதவன் இவன் என்ற பொருளில் சொல்கிறாள்.

விரிச்சி கேட்டல் என்பதும் இதுதானா?

அது வேறு. விரிச்சி என்பது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல். முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நாழி நெல்லும் முல்லை மலரும் தூவிக் கைதொழுது காத்து நிற்கிறார்கள். அப்போது பசியால் வாடும் கன்றிடம் ஓர் ஆய்ச்சிறுமி 'இன்னே வருகுவர் தாயர்' என்று சொல்வது கேட்கிறது. போருக்குப் போனவன் வந்துவிடுவான் என்று அதைக் கொள்கிறார்கள். இங்கும் நெல்லும் முதிய பெண்களும்தான். ஆனால் அவர்கள் சொல்பவர்கள் அல்லர், கேட்பவர்கள். பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் நாம் விரலால் தரையைத் தட்டுகிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பழக்கம்தான்.

குறத்தி என்பவள் கட்டுவிச்சியின் வழி வந்தவளா?

இலக்கியத்தில் அந்த இடத்தைப் பிடித்தவள் என்று சொல்லலாம். குமரகுருபரர் காலத்தில் மீனாட்சியம்மை குறம் போன்ற நூல்கள் வந்தன. பிறகு குறவஞ்சி நாடகங்கள் வந்தன. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி என்னும் குறத்தி தரை மெழுகச் சொல்லி, கோலமிடச் சொல்லி, நிறைநாழி வைக்கச் சொல்லிக் குறி பார்க்கிறாள். கையில் மாத்திரைக் கோல் இருக்கிறது. மலை மலையாகப் பாடுகிறாள். அகவன் மகளின் சிறுகோலும் குன்றம் பாடும் பாட்டும் இவளிடம் தொடர்கின்றன. ஒரு மாற்றம் பெரிது: நெல்லை விட்டுக் கையைப் பார்க்கிறாள். இன்னொரு மாற்றம் அதைவிடப் பெரிது: கட்டுவிச்சியைத் தாய் அழைத்தாள், சிங்கியிடம் தலைவியே கை நீட்டுகிறாள்.

இது ஒரு சாதியின் பெயரா?

இல்லை. தொழிலின் பெயர்.

இன்று கொங்குப் பகுதியில் 'கட்டுவிச்சி' என்று யாராவது சொல்கிறார்களா?

நான் கேட்டதில்லை. சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. தொழில் நிற்கவில்லை. வாக்குக் கேட்கப் போகிறோம், குறி கேட்கப் போகிறோம், அருள்வாக்குச் சொல்லும் அம்மா என்கிறோம். உடுக்கை அடித்துச் சொல்பவரைக் கோடாங்கி என்கிறோம். அவர் பெரும்பாலும் ஆண். சாமியிடம் நேராகக் கேட்பதென்றால் பூக் கேட்கிறோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சன்னதியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறோம். காங்கேயம் அருகே சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. ஒரு பக்தரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்ல, அவர் கோயிலில் வந்து தெரிவிக்க, பூப்போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். அரிசி வைத்தால் என்ன, நீர் வைத்தால் என்ன என்று ஊரெல்லாம் பொருள் தேடிப் பேசும். நெல்லில் முருகனைத் தேடிய நாடு, இன்றும் முருகன் முன்னால் வைத்த பொருளில் நாளையைத் தேடுகிறது.

என் சிறுவயது நினைவு ஒன்று. என் தங்கை நான்கு நாள் சோறு உண்ணாமல், பேசாமல் கிடந்தாள். அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஒரு கிழவியை அழைத்து வந்தார். அவர் திண்ணையில் உட்கார்ந்து முறமும் ஒரு படி நெல்லும் கேட்டார். நெல்லைத் தொடும் முன் நெடுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் விளையாடப் போனாள், யார் வீட்டில் தண்ணீர் குடித்தாள், வீட்டில் யார் அவளைத் திட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் நெல்லைக் கையால் அளைந்துவிட்டு, "குழந்தை பயந்திருக்கிறது அம்மிணி. கிணற்றுப் பக்கம் எதையோ பார்த்திருக்கிறாள். கேட்டு அதட்டாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அமுச்சி மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தார். மறுநாள் பஸ் ஏறித் தாராபுரத்தில் டாக்டரிடமும் காட்டினார். அன்று இரவு மடியில் கிடந்தபடி தங்கை தானாகவே சொன்னாள்: கிணற்றில் ஆட்டுக்குட்டி விழுந்து செத்ததைத் தனியாக நின்று பார்த்திருக்கிறாள். கட்டு என்ற சொல்லைப் பிற்காலத்தில் நற்றிணையில் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணைதான்.

கட்டுவிச்சியைச் சூனியக்காரி என்று சொல்லலாமா?

கூடவே கூடாது. சூனியம் என்பது பிறருக்குக் கேடு செய்வது. கட்டுவிச்சி யாருக்கும் கேடு செய்ததாக நான் அறிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. அதிகம் போனால் தவறாகச் சொன்னாள். வேற்றுமொழிக் கதைகளில் வரும் சூனியக் கிழவியின் உருவத்தை இவள் மேல் ஏற்றி எழுதும் உரைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதுகிறவர்கள் மனவுக் கோப்பு அன்ன கூந்தலை மறந்துவிட்டார்கள்.

எல்லைக்கட்டு, வாய்க்கட்டு, கட்டுக்கதை எல்லாம் இதே 'கட்டு'தானா?

அல்ல. எல்லைக்கட்டும் வாய்க்கட்டும் மந்திரத்தால் தடுத்துக் கட்டுவதைக் குறிக்கும். கட்டுக்கதை என்பது கட்டிவிட்ட கதை, புனைந்தது. நெற்குறியைக் குறிக்கும் கட்டு தனிப் பெயராகவே வழங்கியது. 'கட்டுக் காணுதல்', 'கட்டு வைத்தல்', 'கட்டேறுதல்' என்ற தொடர்கள் அதற்கு உரியவை.

அக்கம்பக்கத்து மொழிகளில் இப்படி ஒரு சொல் உண்டா?

கொங்குப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இது அடிக்கடி வரும் கேள்வி. தெலுங்கில் குறி சொல்லுதலை 'எருக' சொல்லுதல் என்பார்கள். எருக என்றால் அறிதல். கட்டுவித்தி என்பதில் வித்தை இருப்பதாக நான் கொள்வதற்கு இந்த அண்டை வீட்டுச் சொல்லும் ஒரு துணை.

வீட்டில் யாருக்காவது நோய் என்றால் குறி கேட்கப் போகலாமா?

முதலில் மருத்துவரிடம் போங்கள். வயதுப் பெண்ணோ பிள்ளையோ உண்ணாமல் உறங்காமல் ஒடுங்கிக் கிடந்தால் மனநல மருத்துவரிடமும் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவது உங்கள் மனத்தின் விருப்பம். ஆனால் பணம் பிடுங்குகிறவர்கள், பயமுறுத்துகிறவர்கள், பெண்ணை அடித்துப் பேய் ஓட்டுவேன் என்கிறவர்கள் வாசலை மிதிக்காதீர்கள். 'பொய்வல் பெண்டிர்' என்று எழுதும் துணிவு அந்த நாளிலேயே ஒரு பெண்ணுக்கு இருந்தது. நமக்கும் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்லித் தருவது?

குறுந்தொகை 23-இலிருந்து. பொருள் சொல்லாதீர்கள். முதலில் உரக்க, இழுத்து, கூவி அழைப்பது போலப் படித்துக் காட்டுங்கள். அகவல் என்றால் என்ன என்று காதுக்குத் தானே தெரிந்துவிடும். பிறகு ஒரு முறத்தில் கொஞ்சம் நெல்லை வைத்து நான்கு நான்காக எண்ணச் சொல்லுங்கள்.

நான் அப்படிப் படித்துக் காட்டிய ஒரு நாள், பின்வரிசையில் இருந்த சிறுமி எழுந்து, "ஐயா, அவர் குன்றம் என்கிறாளே, அந்த அவர் யார்?" என்று கேட்டாள். தாய் கேட்க வேண்டும் என்று தோழி காத்திருந்த கேள்வி அதுதான்.